கயிறு திரித்தவர்கள் கையில் கஸ்ஸாலி

பஞ்சாபி உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தவறாமல் பெயர் சொல்லும் பழைய நூல்களில் ஒன்று ‘பாரஸ் பாக்’. 18ஆம் நூற்றாண்டில், குர்முகி எழுத்தில், வடநாட்டுச் சாதுக்கள் பேசிய கலப்பு மொழியில் உருவானது. ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்க, நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்ல என்று தலைமுறைகளாக மடங்களில் புழங்கியது. அதை ஆக்கித் தந்தவர்கள் சேவாபந்திகள் என்ற சீக்கியத் துறவியர். மூலத்தை எழுதியவர் இமாம் கஸ்ஸாலி.

சீக்கியரையும் முஸ்லிம்களையும் பற்றி நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த வரலாற்றில் வாளும் முற்றுகையும் பலியும்தான் இருந்தன. அவை பொய்யல்ல. ஆனால் அதே மண்ணில், அதே ஆண்டுகளில், ஒரு முஸ்லிம் ஞானியின் நூலைச் சீக்கியத் துறவியர் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள் என்பதும் உண்மை. அந்த நூல் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையில் இருந்துகொண்டு தூஸ் நகரத்துப் புத்தகத்தைப் பற்றி எழுத எனக்குக் காரணம் உண்டு. அது கடைசியில் தானாக வரும்.

தூஸ், இன்றைய ஈரானில் மஷ்ஹது நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊர். கஸ்ஸாலி அங்கே 1058இல் பிறந்தார். 1091இல், செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரைப் பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். அந்தக் காலத்தில் அறிஞர் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் அது. நூற்றுக்கணக்கான மாணவர்கள், அரசவையில் இடம், கைநிறையச் செல்வம். நான்கே ஆண்டுகள். 1095இல் பாடம் நடத்த வாயைத் திறந்தபோது நாக்கு எழவில்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. இது உடம்பு நோயல்ல, மனத்தில் பிடித்தது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். தான் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி தன்னைத் தின்றதாக அவரே பின்னாளில் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றச் செல்வத்தைக் கொடுத்துவிட்டு, பதவியை உதறிக் கிளம்பினார். டமாஸ்கஸ், ஜெருசலேம், ஹெப்ரோன், மக்கா. ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதி எடுத்துக்கொண்டார்: இனி எந்த அரசனின் வாசலுக்கும் போவதில்லை; அரசன் கொடுக்கும் பணத்தைத் தொடுவதில்லை; வாதச் சண்டைக்கு இறங்குவதில்லை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு ஆண்டு கழித்து, ஆயிரம் மைலுக்கும் அப்பால், இவற்றுக்கு நெருக்கமாக வாழ்ந்தவர்கள் கையில்தான் அவர் நூல் போய்ச் சேர்ந்தது.

அலைந்த ஆண்டுகளில் அவர் அரபியில் எழுதிய பெருநூல் ‘இஹ்யா உலூமித்தீன்’. சொந்த ஊர் திரும்பிய பிறகு, அரபி படிக்கத் தெரியாத சாதாரண மக்களுக்காக, அதே கருத்துகளைச் சுருக்கிப் பாரசீகத்தில் தந்தார். அதுதான் ‘கீமியாயே சஆதத்’. கீமியா என்றால் நம் சித்தர்கள் சொன்ன ரசவாதம். சஆதத் என்றால் பேறு, நற்பேறு. செம்பைப் பொன்னாக்குவது போல் மனிதனை மனிதனாக்கும் வித்தை என்று பொருள் கொள்ளலாம்.

நூலின் கட்டுமானம் எளிமையானது. முதலில் நான்கு அறிவுகள்: தன்னை அறிதல், இறைவனை அறிதல், இவ்வுலகை அறிதல், மறுவுலகை அறிதல். பிறகு நான்கு தூண்கள்: வணக்கம், மனிதரோடு கொள்ளும் நடப்பு, அழிக்கும் குணங்கள், மீட்கும் குணங்கள். ஒவ்வொரு தூணுக்கும் பத்து அத்தியாயம்; ஆக நாற்பது. சாப்பிடும் முறை, திருமணம், கடைவியாபாரம், பயணம், நட்பு, பொறாமை, சினம், பேராசை, பொறுமை, நன்றி என்று ஒரு மனிதன் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை இடறிவிழக்கூடிய இடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

‘தன்னை அறிதல்’ பகுதியில் அவர் காட்டும் ஒரு நகரம் எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு ஒரு நகரம். உள்ளம் அதன் அரசன். அறிவு அமைச்சன். ஆசை வரி வசூலிப்பவன். பொய் சொல்வான், எல்லாவற்றையும் தானே சுருட்டப் பார்ப்பான். சினம் காவல் அதிகாரி. அடிப்பதிலும் கொல்வதிலும்தான் அவனுக்கு நாட்டம். கஸ்ஸாலி இவர்கள் யாரையும் வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. வரி வேண்டும், காவலும் வேண்டும். ஆனால் அரசன் அமைச்சனைக் கலந்து இருவரையும் கைக்குள் வைக்க வேண்டும். அவர்கள் அரசனை ஆட்டிவைத்தால் நகரம் பாழ். இதைப் புரிந்துகொள்ள ஒருவன் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை, படித்தவனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. இந்தப் புத்தகத்துக்குக் கால் முளைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1111இல் கஸ்ஸாலி மறைந்தார். நூல் கிழக்கே நடந்தது. இந்தியாவில் பாரசீகம் போன இடமெல்லாம் இதுவும் போனது. சூஃபி மடங்களில் வாசித்தார்கள். அக்பருக்கு நாள்தோறும் வாசித்துக் காட்டப்பட்ட நூல்களின் வரிசையை அபுல் ஃபஸல் ‘ஆயினே அக்பரி’யில் தருகிறார், ரூமியின் மஸ்னவி, சாதியின் குலிஸ்தான் ஆகியவற்றோடு கீமியாவும் அதில் இருக்கிறது. அரசு அலுவல் மொழி பாரசீகமாக இருந்ததால் பஞ்சாபின் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளும் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகிறவர்களும் அதைக் கற்றார்கள். இப்படித்தான் அரசவைக்கும் மடத்துக்கும் வெளியே, முஸ்லிம் அல்லாதவர் வீட்டுத் திண்ணைக்கும் நூல் வர வழி பிறந்தது.

இனி அதைப் பெற்றுக்கொண்டவர்கள்.

வஜீராபாத்துக்குப் பக்கத்தில் சோத்ரா என்ற ஊரில், வசதியான வணிகக் குடும்பத்தில் 1648இல் பிறந்தவர் கன்னையா. ‘பாய் கன்னையா’ என்பார்கள். அங்கே பாய் என்றால் அண்ணன். இளமையிலேயே ஒன்பதாம் குரு தேக் பகதூரிடம் போய்ச் சேர்ந்தார். யாரென்று பார்க்காமல் எல்லாருக்கும் தொண்டு செய் என்பது அவருக்குக் கிடைத்த உபதேசம். அட்டாக் பக்கம் வழிப்போக்கர் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு தர்மசாலை கட்டித் தண்ணீரும் தங்க இடமும் கொடுத்தார். நம் ஊரில் கோடைக்குத் தண்ணீர்ப்பந்தல் வைப்பவர்களுக்கு அந்த மனம் புரியும்.

1704-05இல் ஆனந்த்பூர் கோட்டையை முகலாயப் படையும் மலைநாட்டு அரசர் படையும் வளைத்தபோது கன்னையா உள்ளே இருந்தார். தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போர்க்களத்தில் விழுந்து கிடப்பவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். சீக்கியருக்கும் கொடுத்தார், எதிரிப் படையாளுக்கும் கொடுத்தார். நாம் பாடுபட்டு வீழ்த்தியவனை இவர் எழுப்பி அனுப்புகிறாரே என்று வீரர்கள் பத்தாம் குரு கோவிந்த் சிங்கிடம் முறையிட்டார்கள். குரு கூப்பிட்டுக் கேட்டார். எல்லா முகத்திலும் உங்கள் முகம்தான் எனக்குத் தெரிகிறது என்பதாகக் கன்னையா சொன்னார். குரு கண்டிக்கவில்லை. களிம்பும் காயத்துக்குக் கட்டும் துணியும் எடுத்துக் கொடுத்து, இனி மருந்தும் போடு என்றார்.

கன்னையாவைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி என்று இன்று பலரும் சொல்வார்கள். அந்தச் சங்கம் பிறக்கக் காரணமான ஆன்ரி துனான் சோல்ஃபெரினோ போர்க்களத்தைக் கண்டது 1859. இது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால். எனக்கு அந்த ஒப்பீட்டில் மனம் நிற்பதில்லை. துனான் கண்டது பிறர் நடத்திய போர். கன்னையா தண்ணீர் கொடுத்தது தன் கோட்டையை முற்றுகையிட்டவனுக்கு. அந்த முற்றுகையின் முடிவில் குருவின் இளைய பிள்ளைகள் இருவர் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டார்கள், மூத்தவர் இருவர் சம்கௌரில் போரிட்டு மாண்டார்கள். அந்தத் தண்ணீரின் விலை என்ன என்பதை இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

1718இல் கன்னையா மறைந்தார். அவர் வழியை எடுத்து நடத்தியவர் சேவா ராம். சேவாபந்தி என்ற பெயர் அவரோடு சேர்ந்தது. அவருக்குப் பின் அட்டண் ஷா. அவர் பெயரால் இந்தக் கூட்டத்தை அட்டண்ஷாஹி என்றும் சொல்வார்கள். சிந்து நதிக்கும் ஜீலத்துக்கும் இடையே தல் என்ற மணல்காடு கிடக்கிறது. அதன் ஓரத்து ஊர்களான நூர்பூர் தல், மிட்டா திவானா ஆகிய இடங்களில் இவர்களுடைய மடங்கள் வேர்விட்டன. மடத்துக்கு அவர்கள் வழக்கில் டிக்கானா என்று பெயர்.

இவர்கள் திருமணம் செய்துகொள்வதில்லை. சொத்து பொதுவில். பிச்சை எடுப்பதில்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி என்றால், கயிறு. முஞ்சிப்புல்லை அறுத்து வந்து, பூந்தண்டைச் சுற்றியிருக்கும் உறையை உரித்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறியதைக் கட்டையால் அடித்து நாராக்குவார்கள். பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து முறுக்கு ஏற்றி, புரியோடு புரி சேர்த்துத் திரிப்பார்கள். கயிற்றுக் கட்டிலுக்கு அந்த ஊர்ப்பக்கம் இந்தக் கயிறுதான். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கற்றாழை நாரை ஊறப்போட்டு அடித்துத் தொடையில் உருட்டித் திரித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் பாடு தெரியும். நார் காய்ந்துவிட்டால் விரலை அறுக்கும். ஈரம் மிஞ்சினால் முறுக்கு நிற்காது. ஒரு கட்டிலுக்கு வேண்டிய கயிறு திரித்து முடிக்க முதுகு ஒடிந்துவிடும். அதை விற்று வந்த காசில் தங்களுக்கு இரண்டு வேளை உணவு. மீதி வழிப்போக்கருக்குச் சோறு, கட்டில், குளிக்கத் தண்ணீர், நோயாளிக்கு மருந்து.

கை வேலை செய்யும்போது காதுக்கு வேலை இல்லை. கயிறு திரிப்பவர்கள் நடுவில் ஒருவர் நூல் வாசிப்பார். அட்டண் ஷாவின் காலத்தில் அந்த வாசிப்பில் குருமாரின் பாடல்களான குர்பாணியோடு கீமியாவும் மஸ்னவியும் இடம்பெற்றன. கேட்பவர்கள் எல்லாருக்கும் பாரசீகம் தெரியாதல்லவா? வாசித்தவர் அங்கேயே உள்ளூர் மொழியில் பொருள் சொல்லியிருப்பார். பொருள் சொல்லிச் சொல்லி அது வாக்கியமாகி, வாக்கியங்கள் ஏட்டில் ஏறி, ‘பாரஸ் பாக்’ ஆனது என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. தனிப்புலவர் ஒருவரின் நூல் போல அது தெரிவதில்லை. அட்டண் ஷாவின் பெயரும் அவர் சீடர்கள் பெயரும் ஆக்கியோராகச் சொல்லப்படுகின்றன. நூலின் நடையில் பேச்சின் மூச்சு இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மஸ்னவியின் கதைகளையும் இதே கூட்டத்தார் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் பெரியவர்களின் வாழ்க்கைச் சம்பவங்களைச் சின்னச் சின்ன உரைநடைக் கதைகளாகவும் எழுதிவைத்தார்கள். கவிதைக்கே பழகியிருந்த மொழியில் உரைநடைக்குத் தடம் போட்டவர்களில் இவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1716இல் சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூரைத் தில்லியில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதன்பின் லாகூரில் ஆளுநராக இருந்த ஜகரியா கானின் காலத்தில் சீக்கியர் தலைக்கு விலை வைத்து வேட்டையாடினார்கள். சீக்கியரின் மறைநூலான ஆதி கிரந்தத்தின் இறுதிப் படியை எழுதியவராகச் சொல்லப்படும் பேரறிஞர் பாய் மணி சிங் லாகூரில் அங்கம் அங்கமாக வெட்டப்பட்டார். 1746இல் ஒரே படையெடுப்பில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பேரழிவைச் சீக்கியர் ‘சோட்டா கல்லுகாரா’ என்று இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்து லாகூர் ஆளுநர் மீர் மன்னுவின் கொடுமை. இடையில் நாதிர் ஷா, அப்தாலி ஆகியோரின் படையெடுப்புகள். அட்டண் ஷா இறந்தது 1757இல். அதாவது, காட்டில் ஒளிந்து குதிரைமேல் உறங்கிய சீக்கியத் தலைமுறையும், மணல்காட்டு மடத்தில் கஸ்ஸாலியைக் கேட்டுக்கொண்டு கயிறு திரித்த தலைமுறையும் ஒன்றே.

அவர்களால் எப்படி முடிந்தது? கொல்ல வருகிறவன் பேசும் மொழி, அவன் போற்றும் இமாம், அவன் அரண்மனையில் வாசித்த புத்தகம் என்று தள்ளிவிட எல்லாக் காரணமும் இருந்தது. தள்ளவில்லை. கன்னையா தண்ணீர்ப்பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போன அதே வேலையை இவர்கள் நூலில் செய்தார்கள் என்பதே என் எண்ணம். அவர் தன் கிணற்றுத் தண்ணீரை எதிரிக்குக் கொடுத்தார். இவர்கள் எதிர்ப்பக்கத்துக் கிணற்றில் இறங்கி மொண்டு, தங்கள் மக்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டாவது வேலை முதலாவதைவிட லேசானது என்று சொல்ல மாட்டேன். கொடுப்பதில் ஒரு பெருமை மிஞ்சும். வாங்கிக்கொள்வதற்குத் தலை குனிய வேண்டும்.

சேவாபந்திகளின் அறிவுத்தொண்டு எவ்வளவு தனித்தது என்பது மற்றச் சீக்கியப் பிரிவுகளோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். நிர்மலர்கள் என்ற துறவியர் காசிக்குப் போய்ச் சமஸ்கிருதமும் வேதாந்தமும் கற்று, அந்த வெளிச்சத்தில் குர்பாணிக்கு உரை எழுதினார்கள். குரு நானக்கின் மகன் ஸ்ரீ சந்தின் வழி வந்த உதாசிகள் ஊர் ஊராக மடம் அமைத்துப் பாடம் சொன்னார்கள். இவர்களின் முகம் கங்கைக்கரை நோக்கி இருந்தது. சேவாபந்திகள் திரும்பியது மேற்கே, பாக்தாதும் தூஸும் இருந்த திசைக்கு. சமயக் கல்வி என்றால் சமஸ்கிருதம் என்று பலரும் நினைத்த நாட்டில் இது சாமானியமான திரும்பல் அல்ல.

மொழிபெயர்த்தபோது அவர்கள் நூலை அப்படியே தூக்கி வைக்கவில்லை. தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றின் சட்டமுறைகளைச் சொல்லும் பகுதிகளுக்கு அவர்கள் கேட்போரிடம் வேலை இல்லை, அவை சுருங்கின. அகத்தைப் பேசும் பகுதிகள் விரிந்து நின்றன. ஆசை, சினம், தற்பெருமை, பொறுமை, நன்றி ஆகியவை எந்த மதத்துக்கும் பட்டா போட்ட நிலமல்லவே. பழைய சூஃபிகளின் கதைகள் கதைகளாகவே தொடர்ந்தன. கீமியாவில் இசை கேட்பதைப் பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. இசை கூடாது என்று கடிந்தவர்கள் நடுவில் கஸ்ஸாலி நின்று, உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இசை கிளறுகிறது, இறையன்பு இருந்தால் இறையன்பே கிளரும் என்று வாதிட்டார். நாள்தோறும் கீர்த்தனம் பாடும் கூட்டத்துக்கு அது எத்தனை நெருக்கமாக இருந்திருக்கும்!

‘பாரஸ் பாக்’ முதலில் கையெழுத்துப் படிகளாகவே ஊர் ஊராகப் போனது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு வந்ததும் குர்முகியில் அச்சேறியது. லக்னோவின் புகழ்பெற்ற நவல் கிஷோர் அச்சகம் தேவநாகரியிலும் போட்டது. நவல் கிஷோர் ஓர் இந்து. குர்ஆனையும் கீமியாவையும் அச்சிட்டு வடநாடு முழுக்க அனுப்பியவர். ஒரு முஸ்லிம் இமாமின் பாரசீக நூலைச் சீக்கியத் துறவியர் மொழிபெயர்த்து, அதை ஓர் இந்து அச்சிட்டு விற்றார். யாரும் அதை வியப்பாகச் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. வழக்கமான தொழிலாக நடந்தது. ஆங்கிலத்தில் பலரும் படித்த சுருக்கம் கிளாட் ஃபீல்டு செய்தது; 1910இல் லண்டனில் வெளிவந்தது. அதுவும் உருதுவிலிருந்து எடுத்தது. மணல்காட்டுக் கயிறு திரிப்பவர்கள் அவரை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திவிட்டார்கள்.

1947 வந்தது. தல் மணல்காடும் நூர்பூரும் மிட்டா திவானாவும் பாகிஸ்தானுக்குப் போயின. கன்னையா பிறந்த சோத்ராவும் அங்கேதான். இருநூறு ஆண்டு வழிப்போக்கரின் மதம் கேட்காமல் சோறு போட்ட மடங்களை, மதத்தின் பெயரால் கோடு கிழித்தபோது காலி செய்ய வேண்டியதாயிற்று. கிழக்கே வந்தவர்கள் பட்டிண்டா மாவட்டத்துக் கோனியானா மண்டி உள்ளிட்ட இடங்களில் டிக்கானாக்களை மறுபடி நிறுவினார்கள். கோனியானாவில் உள்ளது பாய் ஜக்தா பெயரில் இருக்கிறது. அங்கே சேவை தொடர்கிறது. பஞ்சாபில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கன்னையாவின் பெயரைச் சூட்டினார்கள். களிம்பும் கட்டுத்துணியும் கொண்டு போனவருக்கு அது பொருத்தமான மரியாதைதான். நூலின் பெயர் அவ்வளவு பரவலாகத் தெரிவதில்லை. தண்ணீரை நினைவில் வைத்தவர்கள் புத்தகத்தை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். இரண்டும் ஒரே ஊற்றல்லவா?

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

வேப்பந்தட்டை, பச்சைமலைக்குக் கிழக்கே மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. எங்கள் வட்டத்திலேயே வ.களத்தூரில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்திலேயே லெப்பைக்குடிக்காடும் உண்டு. இந்த ஊர்க்காரர்களுக்குக் கஸ்ஸாலி புதியவரல்ல. வேலூர் பாக்கியாத் மதரசாவில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் தமிழ்நாடெங்கும் பள்ளிவாசல்களில் இருக்கிறார்கள். அங்கே ஓதியவர்களில் ஒருவரான அப்துல் வஹ்ஹாப் பாகவி இஹ்யாவின் பகுதிகளைத் தனித்தனி நூல்களாகத் தமிழில் தந்திருக்கிறார். பாரசீகத்திலிருந்து பஞ்சாபிக்குப் போன அதே ஊற்று, அரபியிலிருந்து தமிழுக்கும் வந்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அதைக் கொண்டுவந்து கேட்டவர்கள் முஸ்லிம் அல்லாதவர்கள். இங்கே அந்தத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டு அலமாரியைத் தாண்டவில்லை.

வ.களத்தூரில் கோயில் ஊர்வலம் எந்தத் தெரு வழியே போவது என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2021இல் தீர்ப்பு வந்தது. பொதுத்தெரு எல்லாருக்கும் பொது, ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தை அங்கே தடுக்க முடியாது, இப்படி ஒவ்வொருவரும் தடுக்கத் தொடங்கினால் அது எல்லாருக்கும் கேடு என்பது அதன் சாரம். சட்டம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. பக்கத்து ஊரில் இருக்கும் எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, இருதரப்பும் நீதிமன்றப் படியேறிக் கேட்ட ஒன்றை ஒரே தெருவில் உட்கார்ந்து பேசி முடிக்க முடியாமல் போயிற்றே என்றுதான் இருந்தது. கஸ்ஸாலியின் நூல் பஞ்சாப் போன கதை என்னைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

களத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் டீக்கடையில் இதைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“இமாம் கஸ்ஸாலியையா? சர்தார்ஜிங்களா?”

“ஆமாங்க பாய். கயிறு திரிச்சுக்கிட்டே படிச்சிருக்காங்க.”

“அரசாங்கத்துக்கிட்ட மானியம் கீனியம்?”

“அதெல்லாம் இல்லீங்க. கயிறு வித்த காசுதான்.”

“அப்ப அவங்கதான் இமாமோட அசல் சீடருங்க” என்றார். பிறகு, “நம்ம பசங்களுக்கு இது தெரியணுமே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றைத் தொடங்கி வாசித்துக் காட்ட வேண்டும் என்றால் நான் கீமியாவின் இரண்டாம் தூணில் அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்லும் பகுதியை எடுப்பேன். அண்டை வீட்டுக்காரன் வேறு மதத்தவனாக இருந்தாலும் அண்டை வீட்டான் என்ற ஒன்றுக்காகவே அவனுக்கு உன்மேல் ஓர் உரிமை உண்டு என்று நபிமொழியைக் காட்டி கஸ்ஸாலி தொடங்குகிறார். உன் சுவரை உயர்த்தி அவன் வீட்டுக்குக் காற்று வராமல் மறிக்காதே. உன் அடுப்பு மணம் அவன் வீட்டுக்குப் போனால் ஒரு கரண்டியாவது குழம்பு கொடுத்துவிடு. பழம் வாங்கினால் அவனுக்கும் கொடு; முடியாவிட்டால் அவன் பிள்ளைகள் கண்ணில் படாமல் கொண்டுபோ.

அங்கே ஒரு சின்னக் கதையும் வருகிறது. ஒருவர் வீட்டில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை. ஒரு பூனை வளர்க்கக் கூடாதா என்று கேட்டார்கள். பூனைச் சத்தம் கேட்டால் எலியெல்லாம் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுமே, எனக்கு வேண்டாததை அவருக்கு எப்படி அனுப்புவேன் என்று அந்த மனிதர் பூனை வளர்க்காமலே இருந்துவிட்டாராம்.

பெரியவரிடம் இதையும் சொன்னேன். இந்தப் பகுதியை ஜும்ஆ பயானில் சொல்லச் சொல்லி இமாமைக் கேட்கிறேன் என்றார். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் நடத்தும் இளைஞர்களிடம் நான் கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். கன்னையாவின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமான ஏற்பாடு.